மழைத் தலைநகரில் இரண்டு நாள்

எங்கள் தெருவில் மாடி வீட்டிலே குடியிருக்கும் அன்பர் ஒருவர் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறவர். அலுவல் நிமித்தம் அயர்லாந்து சென்றிருந்தபோது மனைவி மக்களையும் அங்கே வரவழைத்து, ஒரு சனி ஞாயிறில் இலண்டன் மாநகரையும் காட்டி அனுப்பினார். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பிற் படிக்கிறவர்கள். இலண்டனில் இரண்டு நாளும் மழை தூறிக்கொண்டே இருந்ததும், அவர்கள் குடையும் கையுமாகத் தேம்ஸ் ஆற்றுப் பாலத்தின்மேல் நின்றதும் ஒரு திங்கள் காலம் எங்கள் வீட்டு இராச்சோற்றுக்குத் தொடுகறியாயின. முடிவில் ஒருநாள், “அப்பா, மழை பெய்கிற ஐரோப்பியத் தலைநகர் ஒன்றை நாம் எப்போது பார்ப்போம்?” என்று என் மகள் கேட்டே விட்டாள்.

பதின்மூன்று வயதுப் பெண்ணைச் சிரித்து மழுப்பிவிட இயலாது. நான் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். ஆதலால் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா விண்ணப்பத்துக்கு, 2024 ஜூன் முதல், ஆளொன்றுக்கு 90 யூரோ கட்டணம். ஆறு வயது முதல் பன்னிரண்டுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 45. நான், மனைவி, அம்மா, மகள் ஆகிய நால்வருக்கு 360. எட்டு வயது மகனுக்கு 45. ஆக 405 யூரோ. விண்ணப்பத்தை மறுத்துவிட்டாலும் இத்தொகை திரும்பி வாராது. வானூர்திக் கட்டணத்தை எழுதுவதற்காக அடுத்த வரிக்கு நான் இறங்குமுன்னரே அவள் தாளை மடித்து வைத்துவிட்டாள்.

அவள் முகம் வாடியதைக் கண்டதும் எனக்கு மழைக் கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. மழைக்குப் பேர்போன இலண்டனில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். நம் பெங்களூரில் 980 அளவுக்குப் பெய்கிறது. அவ்வூரில் மழை சிறுசிறு தூறலாய்ப் பல நாளும் பரந்து பெய்வதால் பெயர் பெற்றுவிட்டது. நமக்கோ மாலை நேரத்தில் ஒரேயடியாய்க் கொட்டிவிட்டுச் சாலையை ஆறாக்கிவிட்டுப் போகிறது. மழையைப் பார்ப்பதே நோக்கமாயின், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்கின்ற ஒரு தலைநகர் நமக்கு ஓரிரவுப் பயணத் தொலைவில் இருக்கிறது. ஐரோப்பியர் கட்டியது, ஐரோப்பியர் கொடி 1961 டிசம்பர் 19 வரை பறந்தது. அதுதான் கோவாவின் தலைநகராகிய பணஜி.

கோவா என்றவுடன் நம்மவர் முகம் சுளிப்பதை நான் அறிவேன். “குடும்பத்தோடு போகிற ஊரா அது?” என்று என் மனைவியும் கேட்டாள். கடற்கரையும் கூத்தும் குடியுமே கோவா என்று எண்ணுகிறோம். அந்தக் கோவா கார்த்திகை மார்கழியில் கடலோரத்திலே நடைபெறுவது. ஆடி மாதத்துப் பணஜி வேறு. அலுவலகங்களும் மாதா கோயிலும் ஆற்றங்கரையும் ஓட்டு வீடுகளும் உள்ள, நடந்தே சுற்றிவிடக்கூடிய, நனைந்த சிறுநகரம் அது.

நான் எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு வந்தது. அறையின் மூலையிலே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தாயார் தலை நிமிர்ந்து, “சவேரியார் இருக்கிற கோவாவா ஐயா?” என்றார்.

அவர் பிறந்தது உடன்குடிப் பக்கம். மணப்பாட்டுக் கடற்கரையிலிருந்து கூடைமீன் சுமந்து வரும் அக்காள் ஒருவர் அவருடைய சிறுவயதில் நாள்தோறும் அவர்கள் வீட்டுத் திண்ணையிலே இளைப்பாறுவாராம். சவேரியார் மணப்பாட்டு மணற்குன்றின் குகையிலே தங்கியிருந்த கதையை அவர் சொல்லத்தான் அம்மா கேட்டிருக்கிறார். வரலாறும் அதற்குத் துணை நிற்கிறது. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் கோவா வந்து, அவ்வாண்டின் இறுதியிலேயே நம் முத்துக்குளித்துறைக் கரைக்குச் சென்று பரதவர் நடுவிலே பணியாற்றியவர். 1552-இல் சீனத்தை அடுத்த தீவொன்றில் இறந்தார். அவருடைய உடல் பழைய கோவாவில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த அக்காள் ஒருமுறை கோவா சென்று அதைக் கண்டு வந்தவராம். அவர் கண்டதை அம்மா காணவேண்டும் என்று விரும்பியது, நான் பிறப்பதற்கும் முன்னால்.

“பெங்களூருக்கு வந்து பதினோரு வருசம் ஆச்சு. ரயில் ஏறினதெல்லாம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான்” என்று சொல்லிவிட்டு அம்மா மீண்டும் கீரையைக் குனிந்து பார்க்கலானார். அச்சொல் எனக்குச் சுருக்கென்றது. ரயில்வேயில் வேலை, கையிலே பாஸ். எனினும் விடுப்பு முழுவதையும் ஊருக்கே செலவிட்டு வந்திருக்கிறோம். இவ்வேட்டைப் படிக்கும் இல்லங்களிற் பலவும் அவ்வாறே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழையூருக்கு இவர்களை நான் அழைத்துச் சென்றது இது முதன்முறை அன்று. 2022-இல் மடிக்கேரிக்குச் சென்றோம். அதுவும் ஒரு காலத்திலே குடகு அரசர்களின் தலைநகரந்தான். வாடகை வண்டிக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் இரண்டு நாளைக்குப் பதினோர் இடங்கள் இருந்தன. பணம் கொடுத்தாயிற்றே என்று பதினொன்றையும் பார்த்தே தீருவதென்று நான் பிடிவாதம் பிடித்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வோரிடத்திலும் நாங்கள் இறங்கி நனைந்து திரும்பும் வரையில் அவர் வண்டியிலேயே அமர்ந்திருந்தார். ஊர் திரும்பியபின் அண்டை வீட்டார் கேட்டபோது, “வண்டிக் கண்ணாடியிலே தண்ணி வழிஞ்சதைப் பார்த்தேன்” என்று அவர் சொன்ன விடை இன்னும் என் காதில் ஒலிக்கிறது. மகனுக்கு நான்கு நாள் காய்ச்சல்.

ஆகவே இம்முறை திட்டத்தை நானே வகுத்தேன். வகுத்த முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, நாட்கணக்கு. யஷ்வந்தபுரத்திலிருந்து வாஸ்கோடகாமா செல்லும் விரைவு வண்டி, நாங்கள் சென்றபோது, பிற்பகலிலே புறப்பட்டு மறுநாள் விடியுமுன் கோவாவை அடைந்தது. திரும்புகையில் இரவு புறப்பட்டு மறுநாள் நண்பகல் கடந்து யஷ்வந்தபுரம் சேர்ந்தது. ஆகவே சனி ஞாயிறு என்று பேர்தானே ஒழிய, வெள்ளி பாதியும் திங்கள் பாதியும் சேர்த்து விடுப்பு எடுக்கவேண்டும். இரவிலே ஏறி விடியலில் இறங்கும் பேருந்துகளும் உண்டு. விடுப்பே கிடைக்காதவர்க்கு அவையே பொருந்தும். ரயில்வேக்காரனாகிய நான் இதை ஒப்புக்கொள்ளுவது சற்றுக் கசப்பானதுதான். எனினும் முழங்கால் வலியுள்ள முதியோர்க்குக் காலை நீட்டிப் படுக்கும் கீழ்ப்படுக்கையும், எழுந்து நடக்கும் இடமும், கழிவறையும் உள்ள வண்டியே வண்டி.

இரண்டாவது, சீட்டு. முன்பதிவுச் சாளரத்துக்கு உட்புறம் அமர்ந்திருப்பவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். 2024 நவம்பர் முதல் பயண நாளுக்கு 60 நாள் முன்னர்தான் பதிய இயலும். முன்னிருந்த 120 நாள் இப்போது இல்லை. அதை அறியாமல் நான்கு மாதத்துக்கு முன்பே வந்து நிற்பவரும் உண்டு. அறிந்தும் பயணத்துக்கு முதல் வாரம் வந்து வெள்ளிக்கிழமைக்குச் சீட்டுக் கேட்பவர் அவரினும் மிகுதி. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டா. ஐந்து முதல் பன்னிரண்டுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். வேண்டாவென்றால் அரைக் கட்டணம். ஓரிரவுப் பயணத்தில் எட்டு வயதுப் பையனைத் தாயின் அருகிலேயே சுருட்டிப் படுக்கவைத்துவிடலாம் என்று எண்ணி அரைச் சீட்டு வாங்குவோரைப் பார்த்திருக்கிறேன்; மறுநாள் இரண்டு பேரும் உறங்காதவர்களாய் இறங்குவார்கள். தட்கலை நம்பிக் குடும்பத்தோடு புறப்படாதீர்கள். ஐவரில் மூவருக்கு இடம் கிடைத்து இருவருக்குக் கிடைக்காமற் போனால் அந்தப் பயணம் அங்கேயே முடிந்தது.

மூன்றாவது, மழை. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கும் அவ்வழியிலே மழைக்காலத்தில் மண் சரியும். 2021 ஜூலையில் தூத்சாகரை அடுத்து மண்சரிவில் பயணிகள் வண்டியொன்று தடம்புரண்டது; 2024 ஆகஸ்டில் அப்பகுதியிலேயே சரக்கு வண்டி தடம்புரண்டு பல வண்டிகள் நிறுத்தப்பட்டன. ஆகையால் புறப்படும் நாளன்று காலையில் வண்டி ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் மூட்டை கட்டவேண்டும். போக்கு வரவு இரண்டும் ஒருசேர நின்றுவிட்டால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கும் பணத்தையும் தனியே முடிந்துவைக்கவேண்டும். நாங்கள் முடிந்துவைத்தது செலவாகவில்லை; அம்மாவின் சுருக்குப் பையிலேயே திரும்பி வந்தது.

இனி, பார்க்கும் இடங்கள். நாளொன்றுக்குக் கூரையுள்ள இடம் ஒன்று, மழை விட்டால் நடப்பதற்குத் தெரு ஒன்று. அவ்வளவே என்று எழுதினேன். என் மகள் கேட்ட ஐரோப்பியத் தெரு முதல் நாளுக்கு. அம்மா கேட்ட சவேரியார் இரண்டாம் நாளுக்கு. எனக்கென்று ஒன்றை யாரிடமும் சொல்லாமல் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

2025 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறி யஷ்வந்தபுரம் சென்று வண்டியைப் பிடித்தோம். ஹூப்ளி கடந்து எல்லோரும் உறங்கியபின் நான் மட்டும் விழித்திருந்தேன். காஸில் ராக் முதல் குலேம் வரையில் உள்ள மலையிறக்கம் எங்கள் துறையில் பெயர்பெற்றது. போர்த்துகீசியர் ஆட்சியில் 1888-இல் திறக்கப்பட்ட பாதை. அந்நாளில் மீட்டர் கேஜ். 1990-களிலே அகலப்பாதை ஆக்கினார்கள். 37 அடி செல்வதற்குள் ஓரடி இறங்கும் சரிவு. ஆதலின் முன்னும் பின்னும் கூடுதல் எஞ்சின்களைப் பூட்டி அணைத்துப் பிடித்தவாறு வண்டியை இறக்குகிறார்கள். 1961 வரை காஸில் ராக் நம் நாட்டின் எல்லை நிலையம், அதற்கப்பால் வேற்றரசு. இன்று பயணிகள் அதை அறியாமலே குறட்டை விட்டுக்கொண்டு கடக்கிறார்கள்.

தூத்சாகர் அருவி 310 மீட்டர் உயரம். படங்களிலே அதன் நடுவே பாலத்தின்மீது வண்டி செல்வதைக் கண்டிருப்பீர்கள். நாங்கள் சென்ற வண்டி அவ்விடத்தை நள்ளிரவு கடந்து இருட்டிலே கடந்தது. இதை முன்னரே அறிந்திருந்தும் அம்மாவையும் மகளையும் எழுப்பினேன். கதவருகிற் செல்லாமல் சாளரத்தோடு முகம் வைத்துப் பார்த்தோம். கரிய இருளில் வெளுப்பாய் ஏதோ ஒன்று அசைந்தது, பேரிரைச்சல் கேட்டது, முகத்திலே குளிர்ந்த திவலை பட்டது. “பார்த்தாயா?” என்றேன். “கேட்டேன்” என்றாள் மகள். பகலில் அதைக் காணவேண்டுவோர் பகலிற் செல்லும் வண்டியைத் தேர்ந்துகொள்ளுக. ஆனால் தண்டவாளத்தின்மேல் நடந்து அருவிக்குச் செல்லலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டா. அது குற்றம், 2023 மழைக்காலத்தில் அவ்வாறு இறங்கிச் சென்ற இளைஞர்களை ரயில்வே காவலர் தோப்புக்கரணம் போடவைத்த செய்தி நாடெங்கும் பரவிற்று.

மட்காவில் இறங்கிப் பொழுது விடியும் வரையில் நிலையத்திலேயே இருந்து, பின்னர்ப் பேருந்தேறிப் பணஜி சேர்ந்தோம். மழைக்காலமாதலின் விடுதி வாடகை டிசம்பரில் கேட்பதில் பாதியளவே. ஒன்றை மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்: துணி உலர்த்த மின்விசிறியின்கீழ் இடம் உண்டா என்று. அங்கே ஜூலை ஒரு மாதத்திலேயே, பெங்களூரில் ஓராண்டு முழுதும் பெய்கிற அளவை ஒட்டிப் பெய்துவிடுகிறது. நனைந்த துணி இரண்டு நாளானாலும் உலராது. கொடிக்கயிறு ஒன்று, பழைய செய்தித்தாள் ஒரு கட்டு, ஆளுக்கு மூன்று மாற்றுடை, பிடிப்புள்ள ரப்பர்ச் செருப்பு ஆகியவற்றை எடுத்துச் சென்றது நான் செய்தவற்றுள் அறிவுள்ள செயல். ஈரக் காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துவைத்தால் காலைக்குள் பாதி ஈரத்தை உறிஞ்சிவிடும். அங்குள்ள படிகளெல்லாம் செம்புறைக்கல். பாசி படர்ந்தால் எண்ணெய் தடவியது போல் வழுக்கும்.

முதல் நாள் நண்பகல் வரையில் மழை விடவில்லை. மாடத்திலே அமர்ந்து மாண்டவி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அகன்ற ஆறு, கடலை அடுத்து விரிந்து, மழை மறைக்கும்போது எதிர்க்கரை இல்லாமற் போய்விடும். பத்து நிமிடத்துக்குப் பின் மீண்டும் தோன்றும். மகன் அதை ஒரு விளையாட்டாக்கி, “கரை வந்தது, கரை போயிற்று” என்று கத்திக்கொண்டிருந்தான். மடிக்கேரியில் இந்நேரம் நாலாவது இடத்துக்கு விரட்டியிருப்பேன்.

பிற்பகலில் மழை விட்டதும் ஃபோன்டைனாஸ் தெருக்களுக்குச் சென்றோம். மஞ்சளும் நீலமும் காவியும் பூசிய ஓட்டு வீடுகள், தெருவை நோக்கிய சிறு மாடங்கள், பீங்கான் ஓட்டில் எழுதிய வீட்டு எண்கள் என்று மகள் கேட்ட ஐரோப்பா அங்கே இருந்தது. மழைக்காலம் கழிந்தபின்னரே வண்ணம் பூசுவது அவ்வூர் வழக்கமாதலால், நாங்கள் கண்டபோது சுவர்களிலே பச்சைப் பாசி ஏறியிருந்தது. படத்திற் காணும் பளபளப்பு இல்லை. “லண்டன் மாதிரியே இருக்கிறதா?” என்று மகன் கேட்க, “லண்டனை நான் பார்த்ததில்லையே” என்று மகள் நேர்மையாக விடை சொன்னாள். ஆற்றங்கரையில், அடில்ஷாவின் மாளிகையாயிருந்து பின்னர்ப் போர்த்துகீசிய ஆளுநரின் இருப்பிடமான கட்டடத்தின் அருகில் ஒரு வெண்கலச் சிலை உண்டு. கோவாவிற் பிறந்து பாரிஸ் நகரில் மனோவசியக் கலையை ஆராய்ந்த பரியா பாதிரியாரின் சிலை. கைகளை விரித்து ஒரு பெண்ணை அவர் உறங்கவைப்பது போல் அமைந்தது. “அந்த மாமா ஏன் அந்த அத்தையைப் பயமுறுத்துகிறார்?” என்று பையன் விடாமல் கேட்டதற்கு நான் சொன்ன விளக்கம் அவனுக்கு நிறைவளிக்கவில்லை.

கடைத்தெருவில் நடந்த சிறு நிகழ்ச்சியை இவ்வேட்டின் வாசகர் இரசிப்பார்கள். மேற்குக் கரையிலே ஜூன் ஜூலை ஆகிய இரண்டு திங்களும் இயந்திரப் படகில் மீன்பிடிக்கத் தடை. ஆகவே கோவா மக்கள் மழைக்கு முன்பே கருவாடு, புளிப்புக்குக் கோகம், மிளகாய் எல்லாம் வாங்கிச் சேமித்துவிடுகிறார்கள். நம் வீடுகளிலே வற்றலும் வடகமும் போட்டுவைப்பது போல. காய்ந்த இறாலைக் கண்டதும் அம்மாவின் கண் மலர்ந்தது. கடைக்கார அம்மையாரிடம் தமிழிற் கேட்டார், பயனில்லை. நான் அறிந்த அரைகுறை இந்தியும் உதவவில்லை. அப்போது அவ்வம்மையார் தம் பையனைக் கன்னடத்திலே அதட்டினார். பிழைப்புத் தேடி வடகருநாடகத்திலிருந்து கோவா சென்றவர்கள் பலர் என்பதை நான் பின்னரே அறிந்தேன். அம்மா உடனே, “எஷ்டு? ஜாஸ்தி ஆயித்து, கம்மி மாடி!” என்று தொடங்கிவிட்டார். பதினோர் ஆண்டாகக் கன்னடம் தமக்கு வராது என்று சாதித்து வந்தவர். ஸ்ரீராமபுரம் சந்தையில் அவரறியாமலே நாவில் ஏறியிருந்த மொழி, இருவருமே வந்தேறிகளாய் நின்ற ஊரிலே உறவுமொழியாகிவிட்டது. விலையும் குறைந்தது.

ஞாயிறன்று பழைய கோவா. பணஜியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவு, பேருந்து உண்டு. அதுவே முன்னாளைய தலைநகர். அல்புகெர்க் 1510-இல் கைப்பற்றிய பின்னர், ஆப்பிரிக்கக் கரை முதல் மக்காவ் வரையில் பரந்திருந்த போர்த்துகீசியர் உடைமைகளுக்கெல்லாம் தலைமையிடமாய் விளங்கியது. கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் தாக்கியதால் மக்கள் அந்நகரைக் கைவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலே ஆளுநர் பணஜிக்குக் குடிபெயர்ந்தார். 1843-இல் பணஜி முறைப்படி தலைநகராயிற்று. இன்று அங்கே எஞ்சியவை பெருங்கோயில்களும் புல்வெளியும்தாம். அகுஸ்தீனியர் மடத்தின் கோபுரம் பாதி இடிந்து மழையில் நிற்கிறது. அதன் மணி பணஜி மாதா கோயிலிலே தொங்குகிறது.

சவேரியார் உடல் உள்ள போம் இயேசு பேராலயம் 1605-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. ஞாயிறு காலையில் வழிபாடு நடைபெறுவதால் பார்வையாளர் சற்றுத் தாழ்த்தே செல்லவேண்டும். அதன் சுவர்கள் செந்நிறமாய் இருப்பதை அழகு என்று படமெடுக்கிறார்கள். முன்னாளில் சுண்ணச்சாந்து பூசப்பட்டிருந்த சுவர்கள் அவை; 1950-களில் போர்த்துகீசியக் கட்டடக்கலைஞர் ஒருவரின் யோசனைப்படி சாந்தைப் பெயர்த்துக் கல்லை வெளிக்காட்டினார்கள். செம்புறைக்கல்லோ நுண்துளை உடையது. அதுமுதல் ஆண்டுதோறும் மழை அக்கல்லைக் கரைத்து வருகிறது. மீண்டும் பூசவேண்டும் என்பாரும் வேண்டாவென்பாரும் இன்றும் வாதிடுகிறார்கள். விரலால் தடவினேன், சிவந்த மணல் ஒட்டிக்கொண்டது.

உள்ளே, வலப்புறத்துச் சிற்றாலயத்திலே, தஸ்கனி நாட்டுப் பிரபு அளித்த பளிங்குப் பீடத்தின் உச்சியில் வெள்ளிப் பேழை இருக்கிறது. மிக உயரம். கண்ணாடியூடே ஏதோ தென்படுகிறது என்று சொல்லலாமே தவிர, கண்டேன் என்று சொல்ல இயலாது. அம்மா கழுத்தை அண்ணாந்து நெடுநேரம் நின்றார். பத்தாண்டுக்கு ஒருமுறை அதைக் கீழிறக்கி எல்லோரும் அணுகிக் காணும்படி வைக்கிறார்கள். 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை அவ்வாறு வைத்திருந்தார்கள். நாங்கள் ஆறு திங்கள் தாழ்த்துவிட்டோம். அம்மீன்கார அக்காள் சென்றதும் அத்தகைய காட்சி நாளிலேதான் இருக்கவேண்டும். இதை நான் முன்னரே விசாரித்து அறிந்திருக்கவேண்டும். இரண்டு நாளுக்கு மழையையும் வண்டியையும் துணிக்கயிற்றையும் எண்ணிப் பார்த்தவன், அம்மா எதைக் காண வருகிறார் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

“அடுத்தது எப்போ?” என்று அம்மா கேட்டார்.

“2034-இல் இருக்கும், அம்மா.”

அவருக்கு இப்போது அறுபத்தாறு. விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்தவர், “அதுக்கு இப்பவே டிக்கெட்டுப் போட்டு வைக்க முடியாதா ஐயா?” என்றார்.

“அறுபது நாளைக்கு முன்னாலதான் போடலாம், அம்மா” என்றேன். வேறு என்ன சொல்வது?

அவ்வேளையிலே வெளியே மழை பேரிரைச்சலோடு இறங்கிற்று. எவரும் வெளியேற இயலவில்லை. அம்மா பின்வரிசை மரப்பலகையில் அமர்ந்தார். பையனும் அவர் மடியிலே தலைவைத்து உறங்கிவிட்டான். ஒன்றரை மணி நேரம் கழிந்தது. அன்றைக்கு எழுதியிருந்த எதிர்க்கோயிலையும் காட்சிச்சாலையையும் அடித்துவிடும்படி மனைவி கண்ணாலேயே சொன்னாள், அடித்துவிட்டேன். அம்மா யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. ஒருமுறை மட்டும், மணப்பாட்டு அக்காளின் பெயரைச் சொல்லி, அவர் காதிலே போட்டிருந்த தண்டட்டியின் நீளத்தைக் கையால் காட்டினார்.

தாளின் பின்புறத்தில் நான் எழுதியிருந்தது புனித பவுல் கல்லூரி வாயில். மழை சற்றே தணிந்ததும், மற்றவர்களைப் பேராலயத்திலேயே இருத்திவிட்டு, மகளை மட்டும் ஒரே குடையில் அழைத்துச் சென்றேன். சாலையோரத்திலே புல்லும் சேறும் சூழ, ஒரு வாயில் வளைவு மட்டும் நிற்கிறது. “இதைப் பார்க்கவா அப்பா?” என்றாள்.

அபிசீனியாவுக்கென்று புறப்பட்ட அச்சுப்பொறி ஒன்று 1556-இல் கோவாவில் இறங்கி, இக்கல்லூரியிலே தங்கிவிட்டது. இந்திய மண்ணில் முதல் அச்சுப்பொறி அதுவே. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1554-இல், லிஸ்பன் மாநகரிலே தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு ஒரு நூல் வெளியிட்டிருந்தார்கள். தமிழுக்கு அப்போது அச்செழுத்து இல்லை. 1577-இல் கோவாவில் தமிழ் எழுத்துகளை உலோகத்தில் வார்த்தார்கள். மறு ஆண்டு கொல்லத்திலும் வார்த்து, 1578 அக்டோபர் 20-இல் அங்கே ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூலை அச்சிட்டார்கள். அதை ஆக்கியவர் அண்டிரிக் அடிகள் என்று நம்மவர் அழைக்கும் போர்த்துகீசியத் துறவி; சவேரியாருக்குப் பின் அதே முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்றவர். இந்திய மொழிகளுள் தன் எழுத்திலே இந்நாட்டில் முதன்முதல் அச்சேறியது தமிழ்தான். இவற்றை நான் சொல்லி முடிக்கும் வரையில் அவள் வளைவின்கீழ் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எந்த எழுத்தை முதலில் வார்த்திருப்பார்கள்?” என்றாள்.

அகரமாய் இருக்கலாம் என்றேன். வீட்டிலே கன்னடமும் ஆங்கிலமும் படித்துத் தமிழைச் சனிக்கிழமை வகுப்பில் மட்டும் எழுதுகிற பிள்ளை; சேற்றிலே குடைக்கம்பியால் ஓர் ‘அ’ எழுதினாள். சுழியைத் தலைகீழாகத்தான் தொடங்கினாள். நான் திருத்துமுன் மழை அழித்துவிட்டது. இருவரும் ஓடி வந்துவிட்டோம்.

அன்றிரவே வண்டியேறித் திங்கள் பிற்பகல் யஷ்வந்தபுரம் சேர்ந்தோம். ஈரத்துணி மூட்டையும் கருவாட்டுப் பொட்டலமும் ஒரே பையில் இருந்தமையால் மெட்ரோவில் எங்களைச் சுற்றி இடம் தாராளமாகக் கிடைத்தது. மகள் தன் தோழியிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அம்மா அண்டை வீட்டாரிடம், அருவியைக் காதால் பார்த்ததையும், கோகம் எப்படிக் கரைப்பது என்பதையும், மழை விடும்வரை கோயிலிலே உட்கார்ந்திருந்ததையும் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுடைய அடுத்த பயணம் உடன்குடியில் ஒரு திருமணத்துக்கு. அதற்குச் சீட்டுப் பதியும் நாளைச் சமையலறை நாட்காட்டியிலே சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். அதே நாட்காட்டியின் பின்னட்டையிலே 2034 என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. கையெழுத்து என் மகளுடையது.